கல்லறைக்கு முன் சொன்ன நன்றி

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. பார்க்க வந்த சபை மூப்பர் ஒருவர், “அழக் கூடாது, இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அப்போதுதான் அடுத்த ஆசீர்வாதம் வரும்” என்றார். என்னால் முடியவில்லை. மனம் ஒப்பாமல் உதட்டளவில் சொன்னால் அது மாய்மாலம் இல்லையா? தினமும் நன்றிக் குறிப்பேடு எழுதினால் சரியாகும் என்கிறார்கள், உண்மையா? நன்றாக வாழ்ந்த ஆறு வருடங்களில் இந்தக் கேள்விகளே எனக்கு எழுந்ததில்லை. இப்போது ஆலயத்துக்குப் போகவே கூசுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

குறிப்பேடு எழுதப் பிடித்தால் எழுதுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ‘அப்போதுதான்’ என்ற சொல் என்னைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. நன்றியைக் கொடுத்து ஆசீர்வாதத்தை வாங்குவதற்குப் பெயர் வியாபாரம். வேதாகமத்தில் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபின் நண்பர்களுக்குக்கூட முதலில் இந்த மூப்பரைவிட அறிவு இருந்தது. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள்மேல். தான் பிறந்த நாளைச் சபித்த யோபின்மேல் இல்லை. “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று துக்க வீடுகளில் வசனம் சொல்கிறவர்கள், அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் என்ன பேசினான் என்று புரட்டிப் பார்ப்பதே இல்லை.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்று. நடந்த எல்லாவற்றிற்காகவும் என்று அங்கே இல்லை. எபேசியருக்கு ‘எல்லாவற்றிற்காகவும்’ என்று எழுதியிருக்கிறாரே என யாராவது எனக்கு உடனே எழுதுவார்கள். எழுதட்டும். அது சங்கீதம் பாடக் கூடியிருக்கும் சபையைப் பார்த்துச் சொன்ன வரி. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கட்டிலருகே கொண்டுவந்து நீட்டுவதற்காக எழுதியது அல்ல.

யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களாக நானும் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். 35ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விட்டார். 38இல் மறுபடியும் தமக்குள்ளே கலங்குகிறார். 41இல் கண்களை ஏறெடுத்து, பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். நடுவில் ஐந்தே வசனங்கள். முகத்தில் ஈரம் காய்ந்திருக்குமா? இறந்துபோன சிநேகிதன் லாசரு இன்னும் சற்று நேரத்தில் எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தவர் அழுதார். ‘அழக் கூடாது’ என்று அவரிடம் போய்ச் சொல்வார்களா? அந்த நன்றி எதற்கு என்பதையும் பாருங்கள். “நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால்” என்கிறார். சிநேகிதன் செத்ததற்காக அவர் ஒரு வார்த்தைகூட நன்றி சொல்லவில்லை. அவர் சொல்லாததை நீங்களும் சொல்ல வேண்டாம்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆறு வருடங்களில் கேள்வியே எழவில்லை என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே பயந்தது, ஜனங்கள் புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கப்போகும் நாட்களை நினைத்துத்தான். அப்போதுதான் கர்த்தரை மறப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இதனால்தான் பிள்ளை போயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நினைத்தால் இன்னும் பலமாகத் திட்டுவேன். ஆலயத்துக்குப் போகக் கூசுவதாவது! 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் புலம்பல்தான், ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் பாடினார்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட்டு வராவிட்டால் பேசாமல் இருங்கள்.

மாய்மாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வருகிறாள்.

அப்பா இறந்தபோது எனக்கு 19 வயது. எங்கள் வீட்டு இரவு ஜெபத்தை எப்போதும் அம்மாதான் “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று தொடங்குவாள். அடக்கம் முடிந்த இரவு முழங்காலிட்டாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கையில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி இருந்தது. வலது பக்கக் காது வளைவு உடைந்து, அப்பாவே நூல் சுற்றி வைத்திருந்த கண்ணாடி. “நீங்கள் சொல்லுங்கள், எனக்கு வரவில்லை” என்று எங்களிடம் சொல்லிவிட்டு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நானும் தம்பியும் தடுமாறி ஏதோ சொன்னோம். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாளும் அவள் எழுந்து போகவில்லை, ஒரு நாளும் வராத வார்த்தையை வரவழைக்கவும் இல்லை.

பிறகு ஓர் இரவு, நாங்கள் முடித்து ஆமென் சொன்ன பிறகு, அம்மா பேசினாள். “நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு இதை வீடெல்லாம் தேடுவார். 31 வருடம் தேடினார். அதற்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே.” சொல்லிவிட்டு அழுதாள், அடக்கத்தன்றுகூட அப்படி அழுததில்லை. தம்பி பயந்துபோய் எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

மறுநாள் இரவு ஜெபத்தை அம்மா தொடங்கினாள். கண்ணாடி அப்போதும் அவள் கையில்தான் இருந்தது.