கச்சேரிக்குப் போய்விட்டு வந்தால் காது கொய்ங் என்கிறதே, என்ன செய்வது?

நேரடி இசை நிகழ்ச்சியில் காது வலிக்கிற அளவுக்குச் சத்தம் கேட்ட அனுபவம் உண்டா, காதைக் காப்பாற்ற என்ன செய்கிறீர்கள் என்பது கேள்வி.

உண்டு, நிறையவே உண்டு. நான் வளர்ந்தது தென்காசிப் பக்கம். என் தாய்மாமா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஸ்பீக்கர் பாக்ஸ்தான் போகும். லீவு நாட்களில் ஒயர் சுருட்ட, மைக் ஸ்டாண்டு தூக்க நானும் கூடவே போவேன். மேடைக்குப் பக்கவாட்டில், எல்லா மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பெரும்பாலான மெல்லிசைக் கச்சேரிகளைக் கேட்டிருக்கிறேன். முடிந்து வேனில் ஏறும்போது மற்றவர்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி இருக்கும், படுத்தால் காதுக்குள் ஒரே கொய்ங். காலையில் எழுந்தால் சரியாகிவிடும். கச்சேரி நல்லா இருந்ததற்கு அதுதான் அடையாளம் என்றே எங்கள் வண்டியில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அது காயம். அன்றைக்குக் காதில் அடிபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேடையில் சத்தம் எப்படி ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். சாயங்காலம் செக் பண்ணும்போது எல்லாம் அளவாகத்தான் இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் டிரம்ஸ்காரர் சூடாகி ஓங்கி அடிக்க ஆரம்பிப்பார், டிரம்ஸைக் குறைக்க ஒரு பொத்தானும் கிடையாது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பாடுகிறவர் கையை மேலே தூக்கிக் காட்டுவார், மேடையில் இருப்பவர்களைப் பார்த்து வைத்திருக்கிற ஸ்பீக்கரான மானிட்டரில் குரலை ஏற்று என்று அர்த்தம். மானிட்டர் ஏறியதும் கீபோர்டுகாரருக்குத் தன் வாசிப்பு கேட்காது, அவர் தன்னுடையதை ஏற்றச் சொல்வார், கிட்டார்காரர் யாரிடமும் சொல்லாமல் தன் ஆம்ப்ளிஃபயரைத் தானே திருகிக்கொள்வார். மேடைக்குள்ளேயே இவ்வளவு சத்தம் ஆன பிறகு, ஜனங்களைப் பார்த்து வைத்திருக்கிற மெயின் பாக்ஸை அதற்கும் மேலே ஏற்றினால்தான் பாட்டு தெளியும். நாலைந்து பாட்டுக்குள் எல்லாம் உச்சத்துக்குப் போய்விடும், அதற்கப்புறம் இறங்கவே இறங்காது. இத்தனை வருடத்தில் மேடையிலிருந்து "கொஞ்சம் குறைங்கண்ணே" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் கல்யாண மண்டபம் வேறு. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வழவழ பூச்சு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூட இருக்காது. அடித்த சத்தம் அங்கேயே மோதி மோதிச் சுற்றும். வரிகள் குழம்பும். பின்னால் இருப்பவர் பாட்டு புரியவில்லை என்பார், ஆபரேட்டர் இன்னும் ஏற்றுவார், எதிரொலியும் கூடவே ஏறும், முன்னைவிட மோசமாகக் குழம்பும். அந்த மண்டபத்தில் குறைத்தால்தான் தெளிவு வரும், ஆனால் அதை நம்ப யாரும் தயாராக இல்லை.

முதல் வரிசையில் யாரை உட்கார வைக்கிறோம்? மணமக்களின் தாத்தா பாட்டியை, சின்னப் பிள்ளைகளை. மரியாதைக்காகவும் பாசத்துக்காகவும் செய்வது, ஆனால் அந்த வீட்டில் மிகவும் மென்மையான காதுகளைக் கொண்டுபோய் பாக்ஸின் வாயில் வைக்கிறோம். கணக்கு இதுதான்: திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். பாக்ஸிலிருந்து 32 மீட்டரில் நிற்பவருக்கு 90 டெசிபல் போய்ச் சேர வேண்டும் என்றால், 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் 114 டெசிபல் வாங்க வேண்டியிருக்கும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ், ஒரு நாளைக்கு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதே கணக்கில் 114 டெசிபலுக்கு வருவது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கச்சேரி மூன்று மணி நேரம் நடக்கிறது. பெரிய நிகழ்ச்சிகளில் ஸ்பீக்கரை உயரத்தில் தொங்கவிடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான், முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் உள்ள தூர வித்தியாசம் குறையும். தரையில் அடுக்கி வைத்த பாக்ஸில் அது நடக்காது.

காதுக்குள் என்ன ஆகிறது என்று கேட்டால், உள்காதில் நத்தைக்கூடு வடிவில் ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலி வந்தால் அவற்றின் நுனியில் உள்ள மெல்லிய மயிர்கள் அசையும், அந்த அசைவுதான் நரம்புச் செய்தியாக மாறுகிறது. வயலில் ஒரு தடவை மிதித்த பயிர் மறுநாள் நிமிர்ந்துவிடும், தினமும் அதே இடத்தில் நடந்தால் அங்கே வழிதான் விழும், பயிர் இருக்காது. மயிர்ச்செல் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. காலையில் சரியாகிவிட்டதே என்று நாம் நினைப்பதிலும் முழு உண்மை இல்லை. 2009ல் ஹார்வர்டைச் சேர்ந்த குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், கேட்கும் திறன் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும், மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையில் உள்ள இணைப்புகள் நிரந்தரமாக அறுந்திருந்தன. சாதாரணப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் பேசுவது மட்டும் பிடிபடாது என்கிற பலருடைய புகாருக்கு இது காரணமாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

என் மாமா கதைக்கு வருகிறேன். அவருக்கு வயது ஏற ஏற, முதலில் போனது மேல் ஸ்தாயிச் சத்தங்கள். சத்தத்தால் கெடும் காதில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்கிற மேல் ஸ்தாயிப் பக்கம்தான் முதல் பள்ளம் விழும், ஆடியோகிராம் என்கிற காதுப் பரிசோதனை வரைபடம் எடுத்தால் கோட்டில் அது பளிச்சென்று தெரியும். ச, த, ஃப போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆட்கள் பேசுவது காதில் விழும், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் புரியாது. வீட்டில் பேத்தி ஏதாவது கேட்டால் "பக்கத்துல வந்து சத்தமா சொல்லுட்டி" என்பார், அந்தக் குழந்தை ஏற்கெனவே சத்தமாகத்தான் சொல்லியிருக்கும். இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. மேல் ஒலிகள் தனக்குக் கேட்காததால் மாமா மிக்ஸரில் அந்த மேல் ஒலிகளை, அதாவது ட்ரெபிளை, ஏற்றிக்கொண்டே போனார். அவர் காதுக்கு அது சரியாக இருந்தது, எங்களுக்கெல்லாம் ஊசி குத்துவதுபோல் வலித்தது. கேட்கும் திறன் குறைந்த ஒருவர் ஆயிரம் பேருக்கு எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்கிறார், அந்தச் சத்தம் அடுத்தவர் காதையும் அதே இடத்தில் கெடுக்கிறது. ஊரில் கைராசியான ஆபரேட்டர் என்று பேர் வாங்கிய மனிதர், தொழிலைத் தவிர வேறு எதையும் நினைக்காதவர். அவருக்கு வருடா வருடம் காதுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் அது.

இதெல்லாம் நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1976 மே 31 அன்று லண்டனில் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ என்ற ராக் குழுவினர் வாசித்தபோது, ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் என்று அளந்து, உலகிலேயே அதிகச் சத்தமான கச்சேரி என்று கின்னஸில் போட்டார்கள். பிறகு காதைக் கெடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கின்னஸ் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டு தன் காது இரைச்சலையும் செவித்திறன் இழப்பையும் வெளிப்படையாகப் பேசியவர், ராக் இசைக் கலைஞர்களின் காதுப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஓர் அமைப்புக்குப் பண உதவியும் செய்தார். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016ல், முழுசாகக் காது போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பாடுவதை நிறுத்த வேண்டி வந்தது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை, மூடிய அரங்குகளைத் தவிர மற்ற இடங்களில் பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்கின்றன, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. அவை பக்கத்துத் தெருவில் தூங்குகிறவரைக் காக்கப் போட்ட விதிகள். சத்தத்தை இடத்தின் எல்லையில் அளக்கச் சொல்கின்றன, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எவ்வளவு போகலாம் என்பதைப் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்தில் ஒலி 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சி என்றால் வருகிறவர்களுக்கு இலவசமாகக் காதடைப்பான் கொடுத்தாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 2022ல், நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று ஒரு தரம் வகுத்தது. நம் மண்டபங்களுக்கும் அப்படி ஒன்று கட்டாயம் வர வேண்டும்.

சரி, நான் என்ன செய்கிறேன். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் சட்டைப் பையில் காதடைப்பான் இருக்கும். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், பஞ்சு அநேகமாக ஒன்றையும் தடுக்காது. மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் நன்றாக வேலை செய்யும், சரியாகப் போட்டால். விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல் நுனியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பயனில்லை. பாக்கெட்டில் எழுதியிருக்கும் டெசிபல் எண் ஆய்வகத்தில் வந்தது, அதில் பாதியை நம்பினால் போதும்.

ஃபோமில் ஒரு குறை, மேல் ஒலிகளை அதிகமாகவும் பேஸ் என்கிற கீழ் ஒலிகளைக் குறைவாகவும் அடக்கும், அதனால் பாட்டு மூடிக்கிடக்கிற மாதிரி இருக்கும். இசைக்காகவே செய்த அடைப்பான்கள் இருக்கின்றன, உள்ளே சின்ன வடிகட்டி வைத்து எல்லா ஸ்தாயிகளையும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைக்கும். கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் நான் முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டு ஒரு கச்சேரி கேட்டபோது, புல்லாங்குழலில் வந்த சின்னச் சின்ன அசைவுகள்கூடத் தனித்தனியாகக் காதில் விழுந்தன. அதீதச் சத்தத்தில் காதே திணறுகிறது, அதைக் குறைத்தால் இசை கூடுதலாகக் கேட்கும். 100 டெசிபலில் 15 குறைந்தால் 85, அதாவது 15 நிமிட வரம்பு 8 மணி நேரமாகிறது. இதை ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி விழாவில் நேரடியாகவே சோதித்து 2016ல் வெளியிட்டார்கள்: சராசரி 100 டெசிபலில் நாலரை மணி நேரம், அடைப்பான் போட்ட காதுகளில் 8 சதவீதத்துக்கும், போடாதவற்றில் 42 சதவீதத்துக்கும் தற்காலிகமாகச் செவித்திறன் குறைந்திருந்தது.

குழந்தைகளுக்கு அடைப்பான் நிற்காது, காதை முழுக்க மூடும் மஃப் ஆன்லைனில் கிடைக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை என்றால் பந்தலுக்குள் கொண்டுபோகவே வேண்டாம், சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். நாதஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் என்றே உருவான வாத்தியங்கள், ஏசி மண்டபத்துக்குள் அவற்றுக்கு மைக் வைக்கவே தேவையில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சவுண்ட்காரரிடம் கேட்கவும் தயங்காதீர்கள். "சத்தம் ஜாஸ்தி" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும், "அண்ணே, முன்னாடி பிள்ளைங்க இருக்காங்க, ட்ரெபிள் காதைக் குத்துது, கொஞ்சம் இறக்குங்க" என்றால் செய்வார், நானே பலமுறை கேட்டு நடந்திருக்கிறது. நடக்காவிட்டால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாக்ஸின் நேர்க்கோட்டிலிருந்து விலகிப் பின்னால் போய்விடுங்கள். நடுவில் ஒரு பத்து இருபது நிமிடம் வெளியே வந்து நிற்பதும் காதுக்கு நல்லது.

கச்சேரிக்குப் பிறகு இரைச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டால் இ.என்.டி. மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். திடீரென்று ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகிவிட்டால் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை இருக்கிறது, முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.