கன்சோல் வியாபாரத்தில் யார் ஜெயித்தது: அதிகம் விற்றவரா, அதிகம் சம்பாதித்தவரா?

கேள்வி இது: டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டிதான் கன்சோல். அதில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 சுமார் 16 கோடி விற்றது. நிண்டெண்டோவின் கேம்கியூப் 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றுபோனது. அப்படியிருந்தும் அந்தக் காலத்தில் நிண்டெண்டோ லாபத்தில்தான் ஓடியது என்கிறார்களே, எப்படி? அதிகம் விற்றவன்தானே ஜெயித்தவன்?

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஸ்டிங், அதாவது அடக்க விலைக் கணக்குப் போடுகிறவன். கேம் ஆடுவதெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல். அதனால் யாராவது "இத்தனை கோடி வித்துச்சு" என்றால், "சரி, பீஸுக்கு எவ்வளவு நிக்குது?" என்றுதான் எனக்கு வாயில் வரும். எங்கள் ஊரில் இது புதிதல்ல. பையர் கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டு லட்சக்கணக்கில் பீஸ் ஓட்டுவார்கள். நூல், டையிங், தையல் கூலி எல்லாம் போனால் பீஸ் விலையில் ஒன்றுமே மிச்சம் இருக்காது. ஏற்றுமதிக்காக அரசாங்கம் திருப்பித் தரும் வரியான டிராபேக் மட்டும்தான் முதலாளிக்கு லாபம். வாசலில் கன்டெய்னர் கன்டெய்னராகப் போவதைப் பார்க்கிறவன், இவர் கோடீஸ்வரன் என்று நினைத்துக்கொள்வான்.

கன்சோலும் இதே கதைதான். பெட்டியில் பணம் இல்லை, பெட்டி வீட்டுக்குள் போன பிறகு வருவதில்தான் பணம். வேறு கம்பெனிக்காரர் செய்த கேம் ஒவ்வொன்று விற்கும்போதும் கன்சோல்காரருக்கு ஒரு பங்கு போகும். ஆன்லைன் கடையில் வாங்கினால் அந்தப் பங்கு பொதுவாக 30 சதவீதம். இதுபோக ஆன்லைனில் ஆட சந்தா, கூடுதல் கண்ட்ரோலர். 2021-இல் ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தார். எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்றதில் எப்போதாவது லாபம் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். 2001-இலிருந்து அதுவரை, இருபது வருஷ வியாபாரம்!

முதல் வருஷம் நஷ்டத்துக்கு விற்பதில் ஒன்றும் தப்பில்லை. போகப்போக அடக்க விலை இறங்குமா என்பதுதான் விஷயம். இதில் பிளேஸ்டேஷன் 2-ஐயும் முதல் எக்ஸ்பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காஸ்டிங் படிக்கிற பையன்களுக்குப் பாடமே நடத்தலாம். சோனி தன் முக்கியமான சிப்களைச் சொந்தமாகவும் தோஷிபாவோடு கூட்டாகவும் வடிவமைத்துத் தயாரித்தது. தொழில்நுட்பம் மாற மாறச் சிப்பைச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பிராசஸரையும் கிராபிக்ஸ் சிப்பையும் ஒரே சிப்பாகச் சேர்த்துவிட்டது. பெட்டியும் ஒல்லியானது. 299 டாலருக்கு வந்த சாமான் 2009-இல் 99 டாலருக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட்டோ பிராசஸரை இன்டெல்லிடமும் கிராபிக்ஸ் சிப்பை என்விடியாவிடமும் விலைக்கு வாங்கியது. சிப்பின் வடிவமைப்பு கையில் இல்லாததால், அதைச் சுருக்கி விலையைக் குறைக்கும் உரிமையும் கையில் இல்லை. என்விடியாவோடு விலைத் தகராறு நடுவர் மன்றம் வரைக்கும் போனது. இதோடு உள்ளே ஒரு ஹார்டு டிஸ்க் வேறு. ஹார்டு டிஸ்க் ஒரு மட்டத்துக்குக் கீழே விலை இறங்காது. உள்ளே மோட்டாரும் தட்டும் இருக்கிற சாமான் அது. வருஷம் ஆக ஆகக் கொள்ளளவு கூடுமே தவிர, விலை பாதியாகாது. ஆனால் சோனி விலையைக் குறைக்கக் குறைக்க மைக்ரோசாஃப்டும் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. சுமார் 2.4 கோடி பெட்டி விற்று, கேம்கியூபை விடக் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். அந்தத் தலைமுறையில் அவர்கள் விட்டது 400 கோடி டாலர் என்று பரவலாகச் சொல்வார்கள். இரண்டாம் இடம் எவ்வளவு விலைக்குக் கிடைத்தது, பாருங்கள்.

சோனிக்கும் இந்த அனுபவம் பின்னால் வந்தது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அமெரிக்காவில் விலை 499, 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைக் கழற்றிப் பார்த்துப் போட்ட கணக்கில் அடக்கம் முறையே சுமார் 806, 840 டாலர். பெட்டிக்கு 240 முதல் 300 டாலர் வரை கையை விட்டுப் போகிறது. அந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 23,230 கோடி யென் நஷ்டம் காட்டியது. அடுத்த இரண்டு வருஷமும் நஷ்டம்தான். பின்னால் 8.7 கோடி பெட்டி விற்றது, எக்ஸ்பாக்ஸ் 360-ஐ எட்டிப் பிடித்தது என்பதெல்லாம் உண்மை. பட்டியலில் பார்த்தால் கௌரவமான எண்ணிக்கைதான். (படம் பார்க்கும் டிஸ்க் சோனியின் புளூ-ரேயா, தோஷிபாவினுடையதா என்ற போட்டியில் தோஷிபாவை 2008-இல் மண்ணைக் கவ்வ வைக்க இந்தப் பெட்டி உதவியது என்று ஒரு சமாதானம் உண்டு. அது இன்னொரு பாக்கெட்டின் கணக்கு.)

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை இதிலேயே இருக்கிறது. அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக் கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைச் சேர்த்து, 2010-இல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. அந்த விலைக்கு அவ்வளவு கணக்குப் போடும் சக்தி வேறெங்கும் கிடைக்காது என்பதால். சோனியின் விற்பனைக் கணக்கில் அவையும் ஏறியிருக்கும். ஆனால் விமானப்படை கேம் வாங்குமா, சந்தா கட்டுமா? நஷ்டத்தில் விற்கிற சாமானுக்கு இப்படி ஒரு மொத்த வியாபாரி வந்தால் சிரிப்பதா அழுவதா!

நம் பக்கத்தில் விமானப்படை இல்லை, கேம் சென்டர் இருந்தது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். வாங்கிய கையோடு பனியன் கம்பெனிப் பையன்கள் நேராக அங்கேதான் போவார்கள். சின்ன ரூம், நாலைந்து டிவி, ஒவ்வொன்றிலும் ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), மணிக்கு இத்தனை ரூபாய் என்று சுவரில் எழுதியிருக்கும். பெட்டி எல்லாம் காப்பி டிஸ்க் ஓடுவதற்காக உள்ளே தனிச் சிப் போட்டது. கேம் எல்லாம் காப்பி அடித்த சீடி, மார்க்கர் பேனாவில் பெயர் எழுதி டப்பாவில் அடுக்கியிருப்பார்கள். ஒரு கால்பந்து, ஒரு கிரிக்கெட், ஒரு சான் ஆண்ட்ரியாஸ். அவ்வளவுதான். தெருவே ஆடும். அந்தப் பெட்டிகளும் 16 கோடியில் சேர்த்திதான். ஆனால் அவை ஓடித் தேய்ந்த வருஷமெல்லாம் கேம் வகையில் சோனிக்கு ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. பிஎஸ்2 மற்ற நாடுகளில் வாரிக் கொட்டியதால் இதெல்லாம் அவர்களுக்கு உறைக்கவில்லை.

இப்போது சிப் போடுகிற காலம் போய்விட்டது, செகண்ட் ஹேண்ட் டிஸ்க் காலம் நடக்கிறது. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நான் டிஸ்க் மாற்றுகிற கடைக்காரரிடம் ஒருமுறை, பிஎஸ்5 நல்லா போகுதுங்களா என்று கேட்டேன். "போகுதுங்ணா. பொட்டியில என்னங்க நிக்குது? ரெண்டு கண்ட்ரோலர் வித்தா வர்ற காசுகூட இதுல வராதுங்க. பழைய டிஸ்க்ல ஓடுது பொழப்பு" என்றார். கவுண்டருக்குப் பின்னால் பார்த்தேன், ஒரே கேம் நாலு டப்பா. ஒவ்வொன்றும் பீளமேட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தவை. ஒரு டிஸ்க் ஐந்து வீடு சுற்றினாலும் சோனிக்கு முதல் வீட்டுக் காசு மட்டும்தான். மற்ற நாலு வீட்டுக் காசும் இவருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும். டிஸ்க் போடும் வசதியே இல்லாத பிஎஸ்5-ஐ 2020-இல் 100 டாலர் குறைத்து 399-க்கு ஏன் விட்டார்கள் என்பது அந்தக் கவுண்டர் முன்னால் நின்றால் தானாகப் புரிந்துவிடும். அந்தப் பெட்டியை வாங்கினவன் ஆயுசுக்கும் சோனி கடையில்தான் கேம் வாங்கியாக வேண்டும்.

சரி, கேம்கியூபுக்கு வருவோம். நிண்டெண்டோ வேறு வழியில் போகிற கம்பெனி. பெட்டியை மலிவான சாமானில் செய்யும். டிவிடி படம் ஓடாது, குட்டி டிஸ்க், விலை 199 டாலர். அன்றைக்கு மற்ற இருவரும் 299. 2003-இல் 99 டாலருக்கே இறக்கினார்கள். ஓடுகிற கேமில் பெரும்பகுதி அவர்கள் செய்தது, மரியோவும் செல்டாவும். வெளியாள் கேமில் பங்கு கிடைக்கும், சொந்தக் கேம் என்றால் முழுசும் நமக்குத்தானே. அதனால் குறைவான வீடுகளுக்குப் போனாலும் வீட்டுக்கு வீடு நன்றாகக் கறந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே சமயத்தில் கையடக்கமான கேம்பாய் அட்வான்ஸ் 8 கோடிக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. நிண்டெண்டோவின் லாபத்தைக் காட்டி "கேம்கியூப் தனியாகவே ஜெயித்தது" என்று வாதாடுகிற ரசிகர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையும் பெட்டியிலேயே லாபமும் ஒன்றாக வந்ததற்கு நல்ல உதாரணம் நிண்டெண்டோ 2006-இல் விட்ட வீ. 249 டாலர், முதல் நாளிலிருந்தே பெட்டியிலேயே லாபம், மொத்தம் 10 கோடியே 16 லட்சம். பாட்டி தாத்தாவெல்லாம் வாங்கி, கூடவே வந்த டென்னிஸை மட்டும் ஆடிவிட்டு அலமாரியில் வைத்தார்கள் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே. பெட்டியிலேயே காசு வந்துவிட்டால் அலமாரியில் இருந்தால் என்ன, அட்டத்தில் கிடந்தால் என்ன.

இதையெல்லாம் படித்துவிட்டு எண்ணிக்கையே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் பெட்டியே செத்துவிடும். கேம் செய்கிற வெளிக் கம்பெனிகள் முதலில் பார்ப்பது எத்தனை வீட்டில் பெட்டி இருக்கிறது என்றுதான். சேகாவின் டிரீம்காஸ்ட் 91 லட்சத்தோடு 2001-இல் நின்றது, சேகா கன்சோல் தொழிலையே விட்டுவிட்டது. நிண்டெண்டோவின் வீ யூ 1 கோடியே 35 லட்சம்தான். வெளிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நழுவின. அதற்கு முன்னால் 2011-இல் அவர்களுடைய கையடக்கப் பெட்டியான 3டிஎஸ் படுத்தபோது ஆறு மாதத்துக்குள் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறக்கி, நஷ்டத்துக்கே விற்றார்கள். தலைவர் இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். கம்பெனி அந்த நிதியாண்டில் நஷ்டம் காட்டியது. ஆனால் பெட்டி பிழைத்துக்கொண்டது. அந்த இடத்தில் எண்ணிக்கைக்காக லாபத்தை விட்டது சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். வெளிக் கம்பெனிகள் நம்பி வருகிற அளவுக்குப் பெட்டி வீடுகளுக்குள் போக வேண்டும். அதற்கு மேலே எண்ணிக்கைக்காகச் செலவழிக்கிற ஒவ்வொரு டாலரும் ஜம்பத்துக்குத்தான்.

மைக்ரோசாஃப்ட் 2015-லிருந்து பெட்டி எண்ணிக்கையைச் சொல்வதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் மாதம் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. பின்தங்கியதை மறைக்கத்தான் என்று பலர் சொன்னார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் பணம் வருகிற வழியும் அப்போதே மாறிக்கொண்டிருந்தது. ஃபோர்ட்நைட் இலவசக் கேம்தான். உள்ளே கேம் பாத்திரத்துக்கு விற்கிற சட்டை, தொப்பி, டான்ஸ் எல்லாவற்றிலும் கன்சோல்காரருக்குப் பங்கு உண்டு. மேலே சொன்ன அதே வழக்கில் வெளியான ஆவணத்தின்படி, 2018 மார்ச் முதல் 2020 ஜூலை வரை ஃபோர்ட்நைட் வருமானத்தில் 46.8 சதவீதம் பிளேஸ்டேஷன் 4 வழியாக வந்தது. ஐபோன் வழியாக வந்தது 7 சதவீதம். ஒரு டிஸ்க்கூட விற்காமல் சோனி வாங்கிய வாடகை அது.

கீழே கமென்ட்டில் ஒருவர் பிஎஸ்5 விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். என் மச்சானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். டிஸ்க் வைத்த 499 டாலர் பிஎஸ்5-இல் இனி நஷ்டம் இல்லை என்று சோனி 2021 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. பழைய வழக்கப்படி அதற்கப்புறம் விலை இறங்கியிருக்க வேண்டும். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990-க்கு வந்தது 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். சிப்பைச் சின்னதாக்கினால் முன்பு போலச் செலவு குறைவதில்லை, வாங்குகிறவனும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான். பிஎஸ்2 மாதிரி மூன்றில் ஒரு பங்குக்கு வரும் என்று இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஆட வேண்டும் என்றால் தீபாவளி ஆஃபர் வரும்போது வாங்கிவிடுங்கள், முடிந்தால் டிஸ்க் வைத்ததாகப் பார்த்து.