சலத்தை இடையில் மறித்துப் பழகலாமா?

கேள்வி: எனக்கு வயது 64. மூன்று பிள்ளைகளும் சுகப்பிரசவம். இருமினாலும் கிணற்றில் தண்ணீர் அள்ளினாலும் சலம் கசிகிறது. கோயில் திருவிழாவுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. சலம் போகும்போது இடையில் மறித்து மறித்துப் பழகச் சொன்னார்கள். ஒரு மாதம் செய்தும் குணமில்லை. (வாசகி, ஆரையம்பதி)

பதில்: அந்தப் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள் அம்மா. போகிற சலத்தை மறித்தால் சலப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். மிஞ்சும் சலத்தில் கிருமி வளரும். சலத்தை மறிக்கும் தசையைப் பழக்குவது சரிதான், பழகும் நேரம்தான் பிழை.

சலப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் ஏணைபோலக் கீழிருந்து தாங்கும் தசை அது. பிள்ளைப்பேறும் வயதும் அதைத் தளர்த்துகின்றன. சலம் கழித்துவிட்டு வந்து, பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்வாசலை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்னே சலவாசல் வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிடித்தபடி மூன்று வரை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண வராவிட்டால் மூச்சை அடக்குகிறீர்கள். பிறகு முழுதாகத் தளரவிட்டு, அதே அளவு நேரம் ஆறுங்கள். இப்படி 8 தடவை, நாளுக்கு 3 வேளை. இலேசாக வந்ததும் பிடிக்கும் நேரத்தை மெல்ல 10 எண்ணிக்கை வரை கூட்டலாம். ஒவ்வொரு வேளையும் முடிவில், சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது 8 தடவை.

வயிற்றில் ஒரு கையை வைத்துப் பாருங்கள். வயிறு முன்தள்ளினால் மேலே இழுக்கவில்லை, கீழே முக்குகிறீர்கள். அது தளர்வைக் கூட்டும். பலருக்கும் பிழைப்பது இங்கேதான். தொடையும் பிட்டமும் இறுகினாலும் வேலை வேறு தசைக்குப் போய்விடுகிறது.

ஒரு மாதம் போதாது, குறைந்தது 3 மாதம் வேண்டும். அதற்குள்ளேயே ஒன்று பழகலாம்: இருமல் வரும் முன்பும், வாளியைத் தூக்கும் முன்பும் இறுக்கி, முடியும்வரை விடாதீர்கள். வாளியை அரைவாசியாக அள்ளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் பாருங்கள். தினமும் முக்கினால் பயிற்சியின் பலன் கரைந்துபோகும்.

கீழே ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ, சலத்தில் இரத்தமோ எரிவோ இருந்தாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: வயது 68. மலசலகூடம் வீட்டுக்கு வெளியே. முட்டியதும் ஓடுவேன், வாசலிலேயே போய்விடும். இதற்காகத் தண்ணீரையே குறைத்துவிட்டேன். (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: தண்ணீரைக் குறைத்தால் சலம் தடித்துச் சலப்பையை இன்னும் உறுத்தும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியும் கோப்பியும்தான். முட்டும்போது ஓடாதீர்கள், கதிரையில் அமர்ந்து, மேலே சொன்ன தசையை ஐந்தாறு தடவை சட்சட்டென இறுக்குங்கள். முட்டல் தணிந்தபின் நடந்து போங்கள். மணிக்கொரு தடவை போகிறீர்களானால் அதை ஒன்றேகால் மணியாக்கி, பழகியபின் இன்னும் 15 நிமிடம் கூட்டுங்கள். 6 வாரமாவது தொடருங்கள். சீனி வருத்தம் இருந்தாலும் அடிக்கடி முட்டும்; இரத்தத்தில் சீனியைப் பரிசோதியுங்கள். பிரசருக்குச் சலம் கூடுதலாகப் போகச் செய்யும் குளிசை எடுப்பவரானால், நேரத்தை மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.