மகனைச் சோதனைக்கு அனுப்புங்கள்

கேள்வி: என் மகனுக்குக் காது கொஞ்சம்தான் கேட்கும். அடுத்த வருடம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. "இவர் எழுதினால் பள்ளிக்கூடத்தின் சித்தி வீதம் குறையும், அன்றைக்கு வீட்டில் நிற்கட்டும்" என்று வகுப்பாசிரியர் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அக்கா, அங்கே அப்படிச் செய்ய ஏலாது என்கிறா. உண்மையா ரீச்சர்?
– ஒரு தாய், ஆரையம்பதி

பதில்: அக்கா சொன்னது சரி, தங்கச்சி. அங்கே 2015இல் வந்த சட்டப்படி, மாணவரில் 95 வீதமாவது மாநிலச் சோதனைக்குத் தோற்ற வேண்டும். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைத் தனியாக எடுத்தாலும் அதே 95தான். அவர்களுடைய பெறுபேறு மொத்தத்திலும் சேரும், தனியாகவும் வெளிவரும். அறிவு வளர்ச்சியில் மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் வேறு சோதனை உண்டு. அதுவும் மாநிலத்தில் சோதிக்கப்படும் மாணவரில் 1 வீதத்தைத் தாண்டக்கூடாது.

பிள்ளைகளை ஒளித்தால் என்ன நடக்கும்? வகுப்பில் 40 பேர் என்று வைப்போம். 6 பேரை மறித்து, 34 பேர் எழுதி, 30 பேர் சித்திக்கான 70 புள்ளியை எடுத்தால் நம் பள்ளிக்கூட வாசலில் 88 வீதம் என்று பதாகை தொங்கும். அங்கே 40இன் 95 வீதமான 38ஆல் பிரித்தே ஆகவேண்டும், 79தான் வரும். 40 பேரும் எழுதி அதே 30 பேர் சித்தியடைந்தால் 75 வீதம். ஆக, மறிப்பதால் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லாபம் இல்லை. விசேட கல்வி வகுப்பில் படிப்பித்தவள் நான். இந்தக் கணக்கு நம் மாகாணத்துக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வராத ஆறு பேரையும் படிப்பித்தது அதே பள்ளிக்கூடம்தானே!

ஆனால் ஒன்று. ஒரு வகுப்பில் இப்படி இரண்டே பிள்ளைகள் என்றால், தனியாக வெளியிடும்போது யாருடைய புள்ளி என்று ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவிலும் குழு மிகச் சிறிதென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தின் எண்ணை மறைத்துவிடுவார்கள். நமக்கு வலய மட்டத்தில் வெளியிடுவதே பொருத்தம்.

சரி, நீங்கள் இப்போது செய்யவேண்டியது: எழுதுவதா இல்லையா என்பதை நீங்களும் மகனும் முடிவெடுங்கள், பள்ளிக்கூட வீதத்துக்காக வேண்டாம். வைத்திய அறிக்கையோடு அதிபரிடம் போய், பரீட்சைத் திணைக்களத்தின் விசேட ஏற்பாடுகளுக்கு நேரத்தோடு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போன வருடம் ஐந்தாம் தரத்தில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்லவேண்டும். பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும்.