ஹார்மோனுக்கும் நரம்பணுவுக்கும் கணக்குப் போடுவது எப்படி? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: ஹார்மோன் என்றால் இரத்தப் பரிசோதனை. இதில் உங்களைப் போன்ற கணித ஆய்வாளருக்கு என்ன வேலை, சார்?

ஐயா, ஒருமுறை எடுத்த இரத்தத்தில் அந்த நேரத்து அளவு மட்டும்தான் தெரியும். பல ஹார்மோன்கள் விட்டுவிட்டுச் சுரக்கின்றன. இடைவெளி மாறினால் விளைவே மாறிவிடும். 1978-இல் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், ஹைப்போதாலமஸ் (பிட்யூட்டரி சுரப்பியை ஆளும் மூளைப் பகுதி) சேதமான ரீசஸ் குரங்குகளுக்கு, அங்கே சுரக்க வேண்டிய ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை மணிக்கு ஒருமுறை, 6 நிமிடம் செலுத்தினார்கள். பிட்யூட்டரி மறுபடி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இனப்பெருக்க ஹார்மோன்கள் இரண்டையும் சுரந்தது. நிறுத்தாமல் செலுத்தியபோது இரண்டும் விழுந்துவிட்டன. எந்த இடைவெளியில் எது நடக்கும் என்பதைத்தான் சமன்பாடு கேட்கிறது.

அடிப்படை வரி எளிது: அளவு மாறும் வேகம் = சுரப்பு − (மாறிலி × அப்போதைய அளவு). இரத்தத்தில் இன்சுலினின் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 5 நிமிடம். 0.693-ஐ (2-இன் இயல்மடக்கை) 5-ஆல் வகுத்தால் மாறிலி நிமிடத்துக்கு 0.14. சுரப்பு அடியோடு நின்றால் அரை மணியில் 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

கிளினிக் தாதி: மூளை நரம்பையும் சுரப்பியையும் ஒரே ஆள் ஆராய்வது ஏன்?

இரண்டும் மின்சாரத்தில் ஓடுவதால். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல், நரம்பணு மாதிரியே கொத்துக் கொத்தாகத் துடிக்கும். ஒவ்வொரு கொத்திலும் கால்சியம் உள்ளே ஏறும், இன்சுலின் வெளியேறும். ஆய்வாளர்கள் சே, கைசர் இருவரும் 1983-இல் இதற்கு எழுதிய மாதிரி, நரம்புக்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய சமன்பாட்டின் வழியில் வந்ததுதான்.

படிவம் 6 மாணவர்: அந்த ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி சமன்பாட்டைப் பைத்தானில் எழுதினேன். சில மில்லிசெகண்டிலேயே எண்கள் வெடித்து 'நேன்' (NaN, எண்ணே அல்ல) என்று வருகிறது. எங்கே தப்பு?

தம்பி, முதலில் காலப்படியைப் பாருங்கள். சிறு சிறு காலப்படியாக முன்னேறும் ஆய்லர் முறையில் 0.1 மில்லிசெகண்ட் போட்டிருப்பீர்கள். துடிப்பின் உச்சியில் சோடியம் கடத்தல் 30-ஐத் தாண்டும் (சதுர செ.மீ.க்கு மில்லிசீமன்ஸ்), சவ்வின் மின்தேக்கம் 1 மைக்ரோஃபேரட். வகுத்தால் காலமாறிலி 0.03 மில்லிசெகண்ட். படி அதன் இரு மடங்குக்கு மேல் போனால் ஆய்லர் தாங்காது. 0.01 வையுங்கள்.

அடுத்தது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது. 'எம்' (m) எனும் அயனிக் கதவின் திறப்பு வேகமான ஆல்ஃபா −40 மில்லிவோல்ட்டிலும், 'என்' (n) எனும் கதவின் ஆல்ஃபா −55-இலும் அப்படி ஆகும். அந்த இடங்களில் முறையே 1, 0.1 என்று கையால் கொடுத்துவிடுங்கள்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். அந்த எண்கள் கணவாய் நரம்புக்கு, 6.3 பாகையில் எடுத்தவை. நம்ம ஊர் வெயிலை நினைத்து 30 போட்டால் கதவுகளின் வேகம் ஏறக்குறைய 13.5 மடங்கு கூடும் (10 பாகைக்கு 3 மடங்கு என்ற கணக்கு), துடிப்பு சுருங்கிப்போகும். 6.3-லேயே வைத்து 10 மைக்ரோஆம்ப் கொடுங்கள், தொடர்ந்து துடிக்கும்.

தோட்டத்தில் பால் வெட்டியவர், நீரிழிவு உள்ளவர்: இந்தக் கணக்கால் என் இன்சுலின் ஊசி அளவைச் சொல்ல முடியுமா?

முடியாது ஐயா. பெர்க்மன் 1979-இல் தந்த மாதிரி, இரத்த நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றி அடிக்கடி இரத்தம் எடுத்து, உடல் இன்சுலினுக்கு எவ்வளவு இணங்குகிறது என்று அளப்பதற்கு. ஊசி அளவை கிளினிக் டாக்டரே சொல்லட்டும்.

பல்கலைக்கழக மாணவி: மூன்று ஹார்மோன், கடைசியது முதலாவதை அடக்கும். கணினியில் அலையே வரவில்லை. ஹில் எண் (அடக்குதல் எவ்வளவு செங்குத்தானது என்பதைக் காட்டுவது) 4.

வராது. சிதைவு நேர்விகிதமாக இருக்கும் மூன்று படிச் சங்கிலியில் ஹில் எண் 8-ஐத் தாண்ட வேண்டும் என்று கிரிஃபித் 1968-இலேயே காட்டிவிட்டார். நான்கு படியானால் 4-க்கு மேல் போதும். ஆனால் 8 என்பது உயிரியலில் நம்பும்படியான எண் அல்ல. எண்ணை ஏற்றிச் சமாளிக்காதீர்கள். தாமதத்தைச் சேருங்கள். ஹார்மோன் செய்யப்பட்டு, இரத்தத்தில் போய்ச் சேர நேரம் எடுக்கிறதே, அது நிஜம். இல்லையேல் சிதைவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

ஒரு தாய்: மகள் படிவம் 5. கூடுதல் கணிதமும் உயிரியலும் பிடிக்கும். இதைப் படித்தால் வேலை உண்டா?

படிவம் 6-இல் எஸ்.டி.பி.எம். எடுத்தால் கணிதம் டி-யின் இரண்டாம் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடு வருகிறது, அம்மா. ருசி அங்கேயே தெரிந்துவிடும். பட்டத்துக்குக் கணிதமே எடுக்கட்டும் என்பேன். உயிரியலைப் பின்னால் ஆய்வுக்கட்டுரை படித்துப் பிடிக்கலாம். கணிதத்தை அப்படிப் பிடிப்பது கஷ்டம். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலைதான். நிரந்தர விரிவுரையாளர் பதவி சட்டென்று கிடைக்காது, அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மருந்து உடலில் ஏறி இறங்கும் கணக்கைப் போட மருந்து நிறுவனங்களும் இதே படிப்புள்ளவர்களை எடுக்கின்றன.