படுக்கும் நேரத்தில் சுற்றிச் சுற்றி வரும் குட்டி: வலிப்பா, கனவா?

கேள்வி: ஆட்டுப்பட்டிக் காவலுக்காக 70 நாள் ஆன ஆண் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து 9 நாள் ஆகிறது. பகலெல்லாம் நன்றாக விளையாடுகிறது, சாப்பாட்டிலும் குறையில்லை. இருட்டியதும் வேறு குட்டியாகிவிடுகிறது. முதலில் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது. அப்புறம் படுக்கப் போட்ட சாக்கைப் பிராண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. விளக்கை அணைத்ததும் விடாமல் அழுகிறது. ஒருவழியாகத் தூங்கினாலும் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாய்க்குள்ளேயே குரைக்கிறது. ஒன்றுமில்லாத மூலையைப் பார்த்து உறுமுகிறது. வலிப்பு என்கிறார் ஒருவர், வெறி என்கிறார் இன்னொருவர். பட்டினி போட்டுக் கட்டி வைத்தால் அடங்கும் என்கிறார்கள். இப்போது பட்டிக்கு வெளியே தனியாகக் கட்டி, தோட்டத்துச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் குழந்தைகள் இருப்பதால் பயமாக இருக்கிறது. இந்தக் குட்டியை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் முக்கால்வாசி, தாயைப் பிரிந்த எந்தக் குட்டியும் செய்வதுதான். மீதியை இன்றிரவு நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சாக்கை உடனே எடுத்துவிடுங்கள்.

அது எதற்கு வந்த சாக்கு? உரமா, மருந்து கலந்த விதையா, பூச்சிமருந்து டப்பாக்களைக் கட்டி எடுத்து வந்ததா? உதறி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நமக்குத் தோன்றும். குட்டி அதன்மேல் படுப்பதோடு விடாது. பிராண்டும், கடித்துக் குதறும், நக்கும். இந்த வயதில் அதற்கு வாய்தான் கை. இழைக்குள் தங்கிய தூள் கொஞ்சம் போதும், இரண்டு மூன்று கிலோ உடம்புக்கு. பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், வாந்தியும் பேதியும் வரும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், சதை துடிக்கும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தாலே விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாக்கையோ அதன் லேபிளையோ கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் அவர் விஷமுறிவு மருந்தை உடனே கொடுக்க முடியும். உங்கள் குட்டி பகலில் நன்றாக இருப்பதால் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சாக்கு வேண்டாம். துவைத்த பழைய பருத்தித் துணி போதும்.

இனி அழுகைக்கு வருவோம். பத்து நாளைக்கு முன்புவரை அந்தக் குட்டி ஒரு இரவுகூடத் தனியாகப் படுத்ததில்லை. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் முதுகுமாக ஒரே குவியலாகத்தான் தூங்கியிருக்கும். இப்போது இருட்டு, தனிமை, கழுத்தில் கயிறு. அதன் அழுகை பிடிவாதமும் இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. வழிதவறிய குட்டி தாயைக் கூப்பிடும் குரல்தான் அது. கூப்பிட்டால் யாரோ வருவார்கள் என்று அது இன்னும் நம்புகிறது. அந்த நம்பிக்கையை உடைத்து ஒரு காவல் நாயை உருவாக்க முடியாது. பட்டினி போடச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். சிறு குட்டிக்கு, அதுவும் சிறு ரகமாக இருந்தால், வெறும் வயிறு நீண்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். முற்றினால் நிஜமாகவே வலிப்பு வரும். இல்லாத நோயை நாமே வரவழைத்த கதையாகிவிடும்.

அந்தி நேரத்து ஓட்டம் பற்றிக் கவலை வேண்டாம். வாலை ஒடுக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, எட்டுப் போட்டு ஓடிச் சில நிமிடத்தில் பொத்தென்று விழுந்தால் அது ஆரோக்கியமான குட்டி. ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டிய வயது இது. பகலில் குழந்தைகள் விடாமல் தூக்கி விளையாடினால் தூக்கம் குறையும், அந்தக் களைப்பு சாயங்காலம் ஆட்டமாக வெளிப்படும். கைக்குழந்தை தூக்கம் வரும்போது அழிச்சாட்டியம் பண்ணுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பகலில் அது படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பாதி அடங்கிவிடும். படுக்குமுன் இரண்டு சுற்று சுற்றி, துணியைப் பிராண்டிப் பள்ளம் பண்ணுவதும் நாய்க்குலத்தின் பழைய பழக்கம்தான். சுற்றிக்கொண்டே இருந்து, உட்கார்ந்து எழுந்து, படுக்கவே முடியாமல் தவித்தால் மட்டும் யோசிக்க வேண்டும். முன்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கியபடியே நெடுநேரம் நின்றால் வயிற்று வலி. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வரவில்லை என்றால் அது அந்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது தூக்கத்தில் கால் இழுப்பதுதான் என்று தெரிகிறது. இன்றிரவு ஒரு சின்ன டார்ச்சைத் துணியால் மூடி மங்கலாக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தூங்கிக் கொஞ்ச நேரத்தில் மூடிய இமைக்குள் கண்மணி ஓடுவது தெரியும். மூச்சு சீரில்லாமல் போகும். மீசை முடி துடிக்கும், உதடு சுழிக்கும், ஒரு பாதம் துள்ளும், அப்புறம் இன்னொன்று, அடைத்த குரலில் ஒரு குரைப்பு. சில நொடிகளில் அடங்கி, பெருமூச்சு விட்டு மறுபடி வரும். உடம்பு மட்டும் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். இது கனவுத் தூக்கம். குட்டிகளுக்குப் பெரிய நாய்களைவிட இது அதிகம்.

வலிப்பு வேறு மாதிரி இருக்கும். உடம்பு முழுக்கக் கட்டை போல விறைக்கும். கால்கள் நீட்டி முறுக்கிக்கொள்ளும், அல்லது நான்கும் ஒரே தாளத்தில் உதறும். தாடை கிட்டித்துக்கொண்டு நுரை தள்ளும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை இருக்காது. பெரும்பாலும் சிறுநீர் கழித்துவிடும். முடிந்த பிறகும் உங்களை அடையாளம் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு அலையும். இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கனவு காணும் குட்டி விழித்து வாலாட்டும். வலிப்பில் இருக்கும் குட்டிக்கு உங்கள் குரல் எட்டாது. கையால் தட்டி எழுப்ப வேண்டாம், திடுக்கிட்டுக் கடித்துவிடலாம்.

நிஜமாகவே வலிப்பாக இருந்தால் வாயில் கையோ கரண்டியோ விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இடிபடும் சாமான்களை நகர்த்திவிட்டு மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ அவசரம். ஒரே முறை வந்து நின்றாலும் மறுநாள் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். முடிந்தால் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். நாம் வாயால் சொல்லும் பத்து வரியைவிட அது மருத்துவருக்கு உதவும், ஏனென்றால் அவர் முன்னால் நிற்கும்போது குட்டி ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு வகைத் துடிப்பும் உண்டு. கனவுத் துடிப்பு ஓரிடத்தில் நிற்காது, காலுக்கும் உதட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். நெற்றியிலோ ஒரு காலிலோ ஒரே இடத்தில், கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில், விழித்திருக்கும்போதும் துடித்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்பே கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், இருமல், பேதி என்று ஏதாவது வந்து போயிருக்கும். அந்த நோய்க்கு நேரடி மருந்து கிடையாது, தடுப்பூசிதான் காப்பு. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் போட வேண்டும். வாங்கிய இடத்தில் ஒன்றாவது போட்டார்களா என்று நாளைக்கே கேளுங்கள். ‘போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல் போதாது, தேதி எழுதிய அட்டை வேண்டும்.

வெறிநோய் என்று சொன்னவரை நான் குறை சொல்ல மாட்டேன். குட்டிக்கும் வெறிநோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது இரவில் மட்டும் வந்து காலையில் விளையாடப் போகும் நோய் இல்லை. குரல் மாறும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும், காரணமில்லாமல் எதையும் கவ்வும், நாளுக்கு நாள் மோசமாகும். அறிகுறி தெரிந்த நாய் பெரும்பாலும் 10 நாளுக்குள் இறந்துவிடும். உங்கள் குட்டி 9 நாளாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. இதில் வெறிநோயின் சாயலே இல்லை. இருந்தாலும் 3 மாதம் நிறையும்போது வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். விளையாட்டில் பால்பல் பட்டு ரத்தம் வந்தால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிதானே என்று ஒருநாளும் விடக்கூடாது.

மூலையைப் பார்த்து உறுமுவதை அசட்டை செய்யாதீர்கள். ஒரு பட்டியில் இதே புகார் வந்து, நான் இருட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குட்டி தலையைச் சாய்த்து ஒரே இடத்தைப் பார்த்து உறுமியது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அங்கிருந்த தீவன மூட்டையை நகர்த்தினால் பின்னால் எலிவளை. எலிகள் தங்களுக்குள் பேசும் குரலில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத உச்சத்தில் இருக்கும். நம் செவித்திறன் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். அதனால் பகல் வெளிச்சத்தில் அந்த மூலையை ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். எலிமருந்து மட்டும் வைக்க வேண்டாம். எலிக்கு முன்னால் குட்டிதான் தின்னும். சில வகை மருந்து தின்ற அன்று ஒன்றும் தெரியாது, மூன்று நான்கு நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும்.

அரிப்பும் இரவில்தான் பெரிதாகத் தெரியும். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து விரித்து, குட்டியை அதன்மேல் நிறுத்தி, வாலடியிலிருந்து நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். மிளகுத் தூள் மாதிரி விழுந்து, ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் குட்டியின் ரத்தம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. பயிருக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து குட்டியைக் குளிப்பாட்டும் வழக்கத்தால் செத்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தையும் கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். உருண்டைப்புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். 2 வார வயதில் தொடங்கி 8 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை நாய்க்கான மருந்தை எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். இந்தப் புழு குழந்தைகளுக்கும் தொற்றும்.

சரி, இன்றிரவிலிருந்து என்ன செய்வது? கடைசிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். விளக்கணைக்கும் முன் வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்கும்வரை நில்லுங்கள். இந்த வயதில் 3 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, அதனால் நடு இரவில் ஒருமுறையாவது எழத்தான் வேண்டும். அப்போது பேச்சும் கொஞ்சலும் வேண்டாம், போய்விட்டு வந்து படுக்க வைத்துவிடுங்கள். குட்டி வாங்கிய இடத்துக்குப் போக முடிந்தால், ஒரு துணியைத் தாய் நாயின் மடிப்பக்கம் தேய்த்து வாங்கி வந்து படுக்கையில் போடுங்கள். பாலூட்டும் தாயின் மடித்தோலில் குட்டியை அமைதிப்படுத்தும் ஒரு வாசனை சுரக்கிறது.

கயிறை அவிழ்த்துவிடுங்கள். பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில், பெரிய ஆடுகள் முட்டாதபடி மறைப்புக் கட்டி, காற்றும் மழையும் படாத இடத்தில் குட்டியை விடுங்கள். மறைப்புக்கு அடுத்த பக்கம் சாதுவான ஆட்டுக்குட்டிகள் இரண்டு மூன்று இருக்கட்டும், வாசனையும் மூச்சும் படும் தூரத்தில். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 3 முதல் 12 வாரம் வரைதான் குட்டி ‘இவர்கள் என் கூட்டம்’ என்று மனதில் எழுதிக்கொள்ளும் காலம் என்று 1965-ல் வெளியிட்டார்கள். உங்கள் குட்டிக்கு இப்போது 11 வாரம் முடிந்திருக்கிறது. இந்த நாட்களில் அதைப் பட்டிக்கு வெளியே தனியாகக் கட்டுவது, நீங்கள் எதற்காக வாங்கினீர்களோ அதையே வீணாக்குவது.

முதல் நாலைந்து இரவு உங்கள் கட்டிலையும் மறைப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அழும்போது எழுந்து தூக்க வேண்டாம், கையை மட்டும் தொங்கவிடுங்கள், மோந்து பார்த்துவிட்டுப் படுக்கும். பிறகு தினம் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். இந்த வயதில் காவலை எதிர்பார்க்காதீர்கள், பட்டி நாய் பக்குவப்பட ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். ஓர் இரவு அது உங்கள் கையைத் தேடி வராமல், மறைப்போரம் ஆட்டுக்குட்டியின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கும். மறுநாளிலிருந்து நீங்கள் வீட்டுக்குள் போய்ப் படுக்கலாம்.