டெல்லிக்கு விண்ணப்பம்: எந்தக் கிழமை தபாலில் சேர்ப்பது?

குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “டெல்லியில் உள்ள மத்திய அரசு அலுவலகத்துக்கு வேலை விண்ணப்பம் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமாம். பதிவுத் தபால் அல்லது ஸ்பீட் போஸ்ட் என்று விளம்பரத்தில் இருக்கிறது. அதே வாரம் திங்கட்கிழமை போட்டால் போதுமா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனுக்கும் சில காகிதங்கள் அனுப்ப வேண்டும், அதற்கு எத்தனை நாள் ஆகும்?”

திங்கட்கிழமை போதாது. முந்தைய வாரமே போட்டுவிடுங்கள்.

டெல்லி தூரம் என்பதால்தான் தாமதமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய ஊர்களுக்கு நடுவே தபால் வேகமாகத்தான் போகிறது. நாள் கரைவது இரண்டு முனைகளிலும். உங்கள் கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கொடுக்கும் உறை முதலில் துணை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும், அப்புறம்தான் பெரிய பைக்குள் சேரும். குடவாசல் திருவாரூர் மாவட்டம் என்றாலும் அதன் பின்கோடு 612 என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது கும்பகோணத்தின் வரிசை. அதனால் முடிந்தால் நேரே கும்பகோணம் தலைமை அஞ்சலகத்துக்கே போய்விடுங்கள், ஒரு நாள் மிச்சம். போகும்போது கவுன்டரில் “இன்றைக்குப் பை எத்தனை மணிக்குக் கட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். பை கட்டிய பிறகு கொடுத்தால், ரசீதில் இன்றைய தேதி இருந்தாலும் உறை நாளைக்குத்தான் கிளம்பும்.

கும்பகோணத்திலிருந்து ஸ்பீட் போஸ்ட்டுக்கு நான் போடும் கணக்கு: சென்னைக்கு ஒன்றிரண்டு வேலை நாள், டெல்லிக்கு நான்கு. ஞாயிற்றுக்கிழமையை எண்ணவே வேண்டாம். சனிக்கிழமை தபால்காரர் வருவார், ஆனால் மத்திய அரசு அலுவலகம் பூட்டியிருக்கும், எனவே அன்று போய்ச் சேர்வதை நம்பாதீர்கள். அலுவலகத்துக்குள் தபால் பிரிவிலிருந்து உரிய மேசைக்குப் போக இன்னொரு நாள் விடுங்கள். வெள்ளி கடைசி என்றால் புதன்கிழமை அங்கே இருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால், கும்பகோணத்தில் முந்தைய வெள்ளி மதியத்துக்குள், கிராமத்தில் என்றால் வியாழன். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலமாக இருந்தால் இன்னொரு நாள் முன்னதாகவே. நம் பக்கத்தில் சாலையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி பதிவுத் தபால். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய படிவத்தையே திரும்ப அச்சிடும் அலுவலகங்கள் இன்னும் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஸ்பீட் போஸ்ட் போட்டு, கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டிப் ‘பதிவு’ வசதியையும் (உரியவரிடமோ அவர் அனுமதித்தவரிடமோ மட்டுமே உறையைக் கொடுப்பது) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணத் தபால் வேண்டாம், அது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முகவரியில் தபால் பெட்டி எண் (அஞ்சலகத்திலேயே அலுவலகத்துக்கென ஒதுக்கிய பெட்டியின் எண்) மட்டும் இருந்தால் தனியார் கூரியரும் உதவாது.

ரசீதில் ‘ஐஎன்’ (IN) என்று முடியும், எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 13 கொண்ட எண்ணைப் பத்திரமாக வைத்து, புதன்கிழமை இணையத்தில் பாருங்கள். ‘டெலிவர்டு’ என்று வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள், பிறகு ஏதாவது கேள்வி வந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

சரி, சிங்கப்பூர். வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட்டில் வெறும் காகிதங்கள் என்றால் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் இருந்தால் பத்து நாள் முன்னதாகப் போடுங்கள். அண்ணனுக்குப் பிடிக்குமே என்று அதே உறையில் முறுக்கையும் சாம்பார் பொடியையும் திணிக்க வேண்டாம். பொருள் உள்ளே போனால் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், சோதனையில் நாளும் கூடும். அதைத் தனிப் பார்சலாகப் போடுங்கள்.